சோலார் வாட்டர் ஹீட்டர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் வீடு கட்டுபவர்களுக்குக் குழாய் லைன் போட்டுத் தருவது என் வேலை. சோலார் ஹீட்டர் பற்றி ஒரே சந்தேகங்கள் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகச் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைத்தால் பலருக்கும் உதவும் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எந்தக் கம்பெனி நல்லது என்பதற்கு இதில் பதில் கிடையாது. கம்பெனியைவிட உங்கள் வீட்டுத் தண்ணீரும், மாடியிலிருந்து பாத்ரூமுக்கு வரும் குழாயும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

கரண்ட் இல்லாம தண்ணி எப்படிங்க சூடாகுது? உள்ளே மோட்டார் ஏதாவது இருக்கா?

மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், பச்சைத்தண்ணீர் கனமாகக் கீழே இறங்கும். கலெக்டர் எனப்படும் வெயில்படும் பகுதியில் சூடான தண்ணீர் தானாக மேலே உள்ள டேங்குக்குப் போகிறது. டேங்கின் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு வருகிறது. வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று நடந்துகொண்டே இருக்கும். டேங்க் எப்போதும் கலெக்டருக்கு மேலே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

டேங்கின் உள்சுவருக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே பஃப் என்ற நுரையை அடைத்திருப்பார்கள். வழக்கமாக 50 மில்லிமீட்டர் கனம் இருக்கும். மாலையில் சேர்ந்த சூட்டை மறுநாள் காலைவரை காப்பாற்றுவது அந்த நுரை. விலையைக் குறைக்க நினைக்கும் இடங்களில் முதலில் மெலிவதும் அதுவே. அதனால் டேங்க் வாங்கும்போது நுரையின் கனத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுல நாலு பேர். 100 லிட்டர் போதுமா, 200 போடணுமா?

பக்கெட் குளியலா, ஷவரா என்பதைப் பொறுத்தது. டேங்கில் 60 டிகிரியில் வெந்நீர் இருக்கிறது, பச்சைத்தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்கச் சுகமான சூடு சுமார் 40 டிகிரி. அப்படி விளாவ, 20 லிட்டர் பக்கெட்டில் எட்டரை லிட்டர் வெந்நீர் போதும். ஆளுக்கு இரண்டு பக்கெட் என்றாலும் நாலு பேருக்கு 70 லிட்டருக்குள் முடிந்துவிடும். 100 லிட்டர் டேங்க் தாராளம்.

ஷவர் என்றால் கணக்கு மாறும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் எட்டு நிமிடம் நின்றால் 80 லிட்டர் தண்ணீர். அதில் வெந்நீர் மட்டும் 34 லிட்டர். நாலு பேருக்கு 137 லிட்டர் வருகிறது. அப்போது 200 போடுங்கள். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 300 லிட்டர் போடுவது வீண். கோடையில் பயன்படுத்தாத தண்ணீர் கொதித்துக்கொண்டே கிடக்கும், உப்பும் சீக்கிரம் படியும்.

கண்ணாடி டியூப் நல்லதா, பிளேட் நல்லதா?

டியூப் வகையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். நடுவே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி இருப்பார்கள். உள்குழாயின் கரும்பூச்சு வெயிலை வாங்கிக்கொள்ளும், வெற்றிடம் சூட்டை வெளியே விடாது. பிளேட் வகையில் கறுப்புப் பூச்சுள்ள தகட்டோடு செம்புக் குழாய்கள் ஒட்டியிருக்கும், மேலே கெட்டிக் கண்ணாடி மூடியிருக்கும். அதில் 2 சதுர மீட்டர் பிளேட் ஒன்று 100 லிட்டருக்குப் போதும். டியூப் வகையில் 100 லிட்டருக்கு 58 மில்லிமீட்டர் விட்டமுள்ள 1,800 மில்லிமீட்டர் டியூப் பத்து வருவது வழக்கம்.

டியூப் விலை குறைவு, மேகமூட்டத்திலும் குளிரிலும் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், படிந்த உப்பைக் கழற்றிக் கழுவலாம். ஆனால் உடையும். பிளேட் விலை கூடுதல், உழைப்பும் கூடுதல். தண்ணீர் மென்மையாக இருந்தால் பல வருஷம் கையை வைக்க வேண்டியதில்லை. மருதமலை, தடாகம் பக்கம் மாதிரிக் குரங்கு வரும் இடங்களில் நான் பிளேட்டைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். பிளேட்டுக்கு ஐ.எஸ். 12933 என்ற தர எண் இருக்கிறது.

எங்களுக்கு போர் தண்ணிதான், சரியான உப்பு. சோலார் தாங்குமா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். ஆனால் வாங்கும் முன் இதைக் கேட்பவர்கள் குறைவு, இரண்டு வருஷம் கழித்துக் கேட்பவர்கள் அதிகம். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடாகும்போது கரைந்தே இருக்க முடியாமல் வெள்ளைக் கட்டியாகப் படிகிறது. சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். பிளேட்டின் செம்புக் குழாய்கள் ஒல்லியானவை. அவை அடைபட்டால் மேலே சொன்ன சுற்று நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், தண்ணீர் மட்டும் சூடாகாது.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தக் கவலையே இல்லை. அதே தெருவில் போர் தண்ணீர் ஓடும் வீட்டில் கவலை நிறைய உண்டு. முதலில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கையில் பிடித்துப் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டும் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை இருந்தால் சாதாரண பிளேட் வேண்டாம். டியூப் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ ஆள் ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள பிளேட் வாங்குங்கள். அதில் கலெக்டருக்குள் ஒரே நல்ல தண்ணீர் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் போர் தண்ணீர் டேங்கில் மட்டும் சூடாகும்.

எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. கார்ப்பரேஷன் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் மாடியில் தனித்தனி டேங்க் இருந்தால், சோலாருக்கு நல்ல தண்ணீர் டேங்கிலிருந்து லைன் எடுங்கள். நாளுக்கு 100 லிட்டர்தான் தேவை. வீடு கட்டும்போதே சொன்னால் இதற்கு ஒரு குழாய்தான் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க்னு சொன்னாங்க, அதுவும் ஓட்டை ஆகுமா?

ஆகும். தண்ணீரில் குளோரைடு அதிகமாக இருந்தால் 304 வகை ஸ்டீலில்கூட வெல்டிங் ஓரங்களில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு விழும். 316 வகை இன்னும் தாங்கும், விலை அதிகம். சில டேங்குகளில் மக்னீசியக் கம்பி ஒன்றை உள்ளே விட்டிருப்பார்கள். டேங்க் அரிபடாமல் இருக்க அது தன்னைத் தேய்த்துக்கொள்ளும். கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும். அதை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. உங்கள் டேங்கில் அது இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் வருஷா வருஷம் திறந்து பாருங்கள்.

மழைக்காலத்துல என்ன பண்றது?

ஒருநாள் மேகமாக இருந்தால் வெதுவெதுப்பாகவாவது வரும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து அடைமழை பிடித்தால் வராது. அதற்குத்தான் டேங்குக்குள் கரண்ட் காயில் ஒன்றைப் பொருத்தித் தருகிறார்கள். அதன் சுவிட்ச் மாடியில் இருக்கக் கூடாது, வீட்டுக்குள் விளக்கோடு இருக்க வேண்டும். மாடியில் இருந்தால் அணைக்க மறந்து, வெயில் நாளிலும் கரண்ட் ஓடும். சோலார் போட்டும் பில் குறையவில்லை என்று கூப்பிட்ட பல வீடுகளில் நான் கண்டது இதைத்தான்.

பாத்ரூமில் ஏற்கனவே கீசர் இருந்தால் காயில் தேவையில்லை. சோலார் தண்ணீரைக் கீசருக்குள் விட்டு வெளியே எடுக்கலாம். நேற்றைய வெயிலில் 35 டிகிரி வரை ஏறியிருந்தால் மீதியைக் கீசர் பார்த்துக்கொள்ளும். ஆனால் கோடையில் 70, 80 டிகிரியில் தண்ணீர் உள்ளே வரும் என்பதால் எல்லாக் கீசரும் இதற்கு ஒத்துவராது. தயாரிப்பாளர் கொடுத்த கையேட்டில் உள்ளே வரும் தண்ணீரின் சூட்டு வரம்பைப் பாருங்கள். கீசரைத் தவிர்த்து நேராக எடுக்க ஒரு பைபாஸ் வால்வும் வையுங்கள். கேஸ் கீசரோடு இணைப்பதை நான் செய்து தருவதில்லை.

மாடியில எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்? தெற்கே பக்கத்து வீடு உயரமா இருக்கே?

தெற்கு பார்த்து. நமக்கு வெந்நீர் அதிகம் தேவைப்படும் மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. கோவை ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் டிசம்பர் கடைசியில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கு வானில் 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். குளிர்காலத்துக்கு ஏற்றபடி 20 முதல் 25 டிகிரி சாய்வு நல்லது.

பக்கத்து வீட்டு நிழலுக்கும் இதே கணக்குதான். உங்கள் மாடியைவிடப் பத்து அடி உயரமான சுவர் தெற்கே இருந்தால், டிசம்பர் உச்சிவேளையில் அதன் நிழல் ஏழு அடி நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளும். காலை 9 மணி முதல் 3 மணி வரை நிழல் விழாத இடமாகத் தேர்ந்தெடுங்கள். மே மாதம் மாடிக்குப் போய்ப் பார்த்து இடம் குறித்தால் ஏமாந்துபோவீர்கள். நிழல் அப்போது இருக்காது.

சின்டெக்ஸ் டேங்கை உயர்த்தணும்னு சொல்றாங்க, எதுக்கு?

சாதாரண சோலார் டேங்குக்குத் தண்ணீர் தானாக இறங்கி வர வேண்டும். அதனால் பச்சைத்தண்ணீர் டேங்கின் அடிமட்டம், சோலார் டேங்கின் தலையைவிட மேலே இருக்க வேண்டும். சோலார் ஸ்டாண்டோடு சேர்த்து டேங்கின் தலை எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஓர் அடியாவது கூடுதலாக மேடை கட்டுங்கள். கட்டியபின் மாற்றுவது பெரிய செலவு. எடையையும் மேஸ்திரியிடம் சொல்லுங்கள். 200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அது போக 58 மில்லிமீட்டர் டியூப் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டரை லிட்டருக்கு மேல் நிற்கும்.

சோலார் டேங்கின் மேலே திறந்த வாயோடு நிற்கும் குழாய்தான் ஏர் வென்ட். அதன் வாய் சின்டெக்ஸ் டேங்கின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அசிங்கமாக இருக்கிறது என்று அதை வெட்டி மூடி போட்டுவிடாதீர்கள். ஆவியும் காற்றும் வெளியேற அந்த ஒரு வழிதான் இருக்கிறது. அடைத்தால் டேங்க் வீங்கும் அல்லது ஒடுங்கும்.

பாத்ரூம்ல சுடுதண்ணி வர்றதுக்குள்ள ஒரு பக்கெட் வீணாப் போகுது அண்ணா.

குழாய்க்குள் ராத்திரி ஆறிப்போய் நிற்கும் தண்ணீர் அது. முக்கால் இஞ்ச் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும். 20 மீட்டர் லைன் என்றால் 5 லிட்டர். அது வெளியேறினால்தான் வெந்நீர் வரும். நாலு பேர் விட்டுவிட்டுக் குளித்தால் ஒவ்வொரு முறையும் வீண்.

அரை இஞ்ச் குழாயாக இறக்கினால் வீணாவது ஏறக்குறையப் பாதியாகும். குழாய் முழுக்கச் சூடு காக்கும் நுரை உறை போட்டால் அடுத்தடுத்துக் குளிப்பவர்களுக்கு வீணாகாது. வெயில்படும் இடத்தில் அந்த உறை இரண்டு மூன்று வருஷத்தில் உதிரும், மேலே அலுமினிய டேப் சுற்றுங்கள். புது வீடு என்றால் சோலாரைப் பாத்ரூமுக்கு நேர் மேலே வையுங்கள். எந்த விலையுயர்ந்த கலெக்டரும் நீளமான குழாயை ஈடுகட்டாது.

பி.வி.சி. பைப்பே போட்டா என்ன, விலை கம்மிதானே?

வெந்நீருக்கு பி.வி.சி. கூடவே கூடாது. 60 டிகிரியிலேயே இளகிவிடும். சித்திரை வெயிலில் சோலார் தண்ணீர் 80 டிகிரியைத் தொடும். வெந்நீர் தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போடலாம். டேங்கிலிருந்து வெளியே வரும் முதல் சில அடிகளுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது செம்பு போட்டால் இன்னும் பாதுகாப்பு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெந்நீர்க் குழாய் கைக்கு எட்டாதபடி இருக்கட்டும். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலைச் சுட்டுவிடும்.

ஏர் வென்ட்ல இருந்து தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு, சோலார் ரிப்பேரா?

பெரும்பாலும் சோலார் நன்றாகத்தான் இருக்கும். பச்சைத்தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் வீட்டில் வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும் மிக்ஸர் குழாய் ஏதோ ஒன்றில் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. முனையில் மட்டும் மூடியிருக்கிறது. பம்ப் தள்ளும் பச்சைத்தண்ணீர் அந்த மிக்ஸர் வழியாக வெந்நீர் லைனுக்குள் புகுந்து, மாடிவரை ஏறி, சோலார் டேங்கை நிரப்பி வென்ட் வழியாகக் கொட்டுகிறது. மிக்ஸரில் இணைத்த ஹெல்த் ஃபாசெட்தான் (டாய்லெட்டில் கையில் பிடித்துக் கழுவும் குழாய்) முதல் சந்தேகத்துக்குரியது.

சோலார் டேங்கிலிருந்து கிளம்பும் லைனில், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டால் நிற்கும். ஆனால் அப்போதும் அழுத்தம் சமமில்லாததால் ஷவரில் வெந்நீர் வராது. பம்ப் வேண்டும் என்றால் ஆரம்பத்திலேயே அழுத்தம் தாங்கும் மாடலை வாங்கி, இரண்டு லைனையும் ஒரே பம்ப்பிலிருந்து எடுங்கள். சாதாரண மாடலுக்குள் பம்ப் அழுத்தத்தை விட்டால் டேங்க் கிழியும்.

மத்தியானம் கொதிக்குது, விடியக்காலை ஆறிப்போகுது. ஏன்?

நல்ல டேங்கில் ராத்திரியில் பத்து டிகிரிக்குள்தான் குறைய வேண்டும். அதற்கு மேல் குறைந்தால் முதலில் மேலே சொன்ன மிக்ஸர் கசிவைப் பாருங்கள், பம்ப் இல்லாத வீட்டிலும் மெல்ல நடக்கும். அடுத்து, மாலையில் பாத்திரம் கழுவவும் துணி அலசவும் வெந்நீரை எடுக்கிறீர்களா என்று பாருங்கள். எடுத்த அளவுக்குப் பச்சைத்தண்ணீர் உள்ளே வந்து கலந்துவிடும், அதன்பிறகு வெயில் கிடையாது. இவை இரண்டும் இல்லையென்றால் நுரைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் டேங்கின் வெளித்தகட்டின் அடியிலிருந்து சொட்டினால் அதுதான் காரணம்.

ஒரு டியூப் மட்டும் அடியில வெள்ளையா ஆயிருச்சு, உடையலை. விட்டுடலாமா?

விடக் கூடாது. டியூபின் அடிப்பகுதியில் வெள்ளிக் கண்ணாடிபோலத் தெரிவது பேரியம் பூச்சு. வெற்றிடம் இருக்கும்வரை அது பளபளக்கும். காற்று உள்ளே போனதும் வெளுத்துவிடும். அந்த டியூப் இனி சூட்டைப் பிடிக்காது, ராத்திரி சூட்டை வெளியேயும் விடும். ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். ரப்பர் வளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

மாற்றும் வேலையை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தபிறகோ செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் வெயிலில் நிற்கும் டியூபின் உட்புறம் 200 டிகிரியைத் தாண்டும். அதில் பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டால் ஒன்றை மாற்ற வந்து ஐந்தை உடைத்துவிடுவார்கள்.

பத்து நாள் ஊருக்குப் போறோம், வால்வை மூடிட்டுப் போகலாமா?

வேண்டாம். ஆவியாகும் தண்ணீருக்குப் பதில் வராவிட்டால் டியூப் காயும், பிறகு மேலே சொன்ன கதைதான். வால்வைத் திறந்தே வைத்து, கலெக்டரின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ஒருநாள் நன்றாகச் சூடேறவிட்டு, பழைய தண்ணீரைத் திறந்து வெளியேற்றிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் நோய்க்கிருமிகள் வளரும், 60 டிகிரிக்கு மேல் அவை தாங்காது.

78,000 ரூபாய் மானியம் இதுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. அது 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம், மின்சாரம் தயாரிக்கும் கூரை பேனலுக்கானது. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் அந்த உச்ச வரம்பு. தண்ணீர் சூடாக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம், எந்தத் திட்டம் என்று எழுத்தில் கேளுங்கள்.

பேனல் ஏற்கனவே போட்டாச்சு. தனியா சோலார் ஹீட்டர் வேணுமா?

மாடியில் இடம் குறைவு என்றால் வேண்டாம். 1 கிலோவாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 100 லிட்டரை 25-லிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோகக் கீசருக்கும் 4 யூனிட் தேவை. பேனலில் உபரி இருந்தால் அதைக் கீசருக்கே கொடுங்கள். இடம் இருந்தால், ஒரே பரப்பில் வெயிலிலிருந்து நேராகச் சூட்டை எடுப்பதில் ஹீட்டர் பேனலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டிக்காரன்.

போட்ட காசு எப்போ திரும்பும்?

நாலு பேர் பக்கெட்டில் வெந்நீர் குளியல் என்றால் கீசருக்கு நாளுக்கு 3 யூனிட் அளவுக்குப் போகும். இரண்டு மாத பில்லில் 180 யூனிட். உங்கள் பில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறது என்றால் இந்த 180 மிச்சமாவது உங்களை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளாமல் காப்பாற்றும். அந்த வீடுகளில் சீக்கிரம் திரும்பும். வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் வெந்நீர் தேடும் சென்னை வீட்டில், இரண்டு பேருக்காக இதைப் போடச் சொல்ல எனக்கு மனசு வராது. ஊட்டி, குன்னூர் என்றால் வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. ஆனால் அங்கே உறைபனி விழும் என்பதால் செம்புக் குழாய்க்குள் நேராகத் தண்ணீர் ஓடும் பிளேட் வேண்டாம். உறைந்தால் குழாய் வெடிக்கும்.

நாங்க அபார்ட்மென்ட்ல கீழ் வீடு. மாடியில எங்களுக்குன்னு ஒண்ணு வெச்சுக்கலாமா?

முதலில் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மொட்டை மாடி பொதுச் சொத்து. அனுமதி கிடைத்தாலும் குழாயின் நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். நாலு மாடி இறங்கி, உள்ளே திரும்பி, பாத்ரூம் சேர 25 மீட்டர் ஆகிவிடும். பக்கெட் வீணாவது பற்றிச் சொன்ன கணக்கை இங்கே போட்டால் தினமும் எவ்வளவு தண்ணீர் சாக்கடைக்குப் போகும் என்று தெரியும். மேல்மாடி வீட்டுக்காரர்கள் தனியாகப் போடலாம். கீழ் வீடுகளுக்குச் சரியான வழி, எல்லோரும் சேர்ந்து ஒரே பெரிய அமைப்பு வைத்து, விடியற்காலையில் வெந்நீரைக் குழாயில் சுற்றவிடும் சிறு பம்ப் ஒன்றை நேரக் கடிகாரத்தோடு பொருத்துவது. சங்கம் அதற்கு ஒத்துவரவில்லை என்றால் கீசரிலேயே இருங்கள்.